கலகக்காரியின் பெட்டியில் பழுப்பு நிறம்

கரப்பான், புகைமூட்டம், துரு, எண்ணெய்ப் படலம், அமில மழை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கையில் பொறுக்கிய சொற்களைப் போலத் தோன்றும். 1996 ஜனவரியில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஒப்பனைப் பொருட்களுக்கு வைத்த பெயர்கள் இவை. 10 லிப்ஸ்டிக், 12 நெயில் பாலிஷ். நிறுவனத்தின் பெயர் அர்பன் டீகே. நகரத்தின் சிதைவு என்று சொல்லலாம். பிங்க் நிறத்தைப் பார்த்தால் உங்களுக்குக் குமட்டுகிறதா என்று கேட்டபடிதான் அதன் விளம்பரம் வந்தது.

14 ஆண்டுகள் கழித்து, 2010இல், அதே நிறுவனம் ஓர் ஐ ஷேடோ பேலட்டை வெளியிட்டது. தொட்டால் மெத்தென்றிருக்கும் பழுப்பு நிறப் பெட்டி. உள்ளே 12 குழிகளில் தந்தம், மணல், தேன், செம்பு, காபி, கரி என்று ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் நிறங்கள். பச்சை இல்லை, நீலம் இல்லை, கண்ணைப் பறிக்கும் ஊதா இல்லை. அலுவலகத்துக்கும் போட்டுக்கொண்டு போகலாம், மாமியார் வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போகலாம். பெயர் நேக்கட். விலை 44 டாலர்.

அந்த 12இல் ஒரு குழியின் பெயர் ஸ்மாக். 1996இல் வந்த அதே பெயர், புகைமூட்டம். பழைய கலகக்காரி புது வீட்டுக்குக் குடிபோகும்போது கையோடு எடுத்துவந்த தட்டுமுட்டுச் சாமான் போல அது அங்கே உட்கார்ந்திருந்தது.

துடுக்கையே முதலாக வைத்துத் தொழில் தொடங்கிய ஓர் ஒப்பனை பிராண்ட், எல்லாருக்கும் பொருந்தும் அடக்கமான நிறங்களை விற்கலாமா? ஒப்பனை உலகில் இது தீராத விவாதம். விற்றால் துரோகம் என்பவர்கள் இருக்கிறார்கள். விற்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்க நேக்கட்டைவிடச் சிறந்த தராசு கிடைக்காது.

பிங்க்கிடம் கோபம் கொண்டவர்கள்

1990களின் நடுவில் அமெரிக்கப் பெருங்கடைகளின் ஒப்பனைத் தட்டுகளில் சிவப்பும் பிங்க்கும் வெளிர் பழுப்பும்தான் ஆட்சி செய்தன. விரிசல் அப்போதே விழத் தொடங்கியிருந்தது. 1994இல் ஷனெல் வெளியிட்ட வாம்ப் என்ற கருஞ்சிவப்பு நகப்பூச்சுக்கு மக்கள் காத்துக் கிடந்தார்கள். 1995இல் டைனா மொஹாஜர் தொடங்கிய ஹார்ட் கேண்டி, வெளிர் நீல நகப்பூச்சைக் கொண்டு வந்தது. நகத்துக்கு நீலமா என்று முகம் சுளித்தவர்களின் பெண்கள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த அலையில் வந்ததுதான் அர்பன் டீகே. தொடங்கியவர்களில் ஒருவர் சாண்டி லெர்னர். கணினி வலையமைப்பு நிறுவனமான சிஸ்கோவை 1984இல் கணவரோடு சேர்ந்து தொடங்கி, 1990இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். ஜேன் ஆஸ்டினின் அண்ணன் வாழ்ந்த இங்கிலாந்து மாளிகையை மீட்டெடுத்து, தொடக்ககாலப் பெண் எழுத்தாளர்களுக்கான நூலகமாக மாற்றியவரும் அவரே. உடன் இருந்தவர் வெண்டி ஸோம்னிர். பின்னாளில் பிராண்டின் முகமாக அறியப்பட்டவர். தனக்குப் பிடித்த நிறம் கடையில் இல்லையே என்ற எரிச்சலில் பிறந்த நிறுவனம் இது.

இந்தப் பிறப்புச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கோபம் பழுப்பின் மேல் மட்டும் எழுந்ததல்ல. பெண்ணுக்கு எது பொருந்தும் என்று வேறு யாரோ முடிவு செய்து தட்டில் அடுக்கி வைத்திருந்தார்களே, அதன் மேல் எழுந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி விவாதம் வீணாகிறது.

பழுப்பு எப்போதும் சாதுவா?

பழுப்பை அடக்கத்தின் நிறமாக நினைப்பது அண்மைக்காலப் பழக்கம். 1991இல் பாபி பிரௌன் என்ற ஒப்பனைக் கலைஞர் நியூயார்க்கின் பெர்க்டார்ஃப் குட்மேன் கடையில் 10 லிப்ஸ்டிக்குகளை வைத்தார். எல்லாமே பழுப்பை அடியாகக் கொண்டவை. 1980களின் கொட்டும் ஃபியூஷியாவுக்கும் கன்னத்தில் வரிவரியாகத் தீட்டிய ரூஜுக்கும் நடுவே அது அன்று ஒரு சிறு கலகம். முகம் முகமாகவே இருக்கட்டும் என்று சொல்வதற்கும் அப்போது துணிச்சல் தேவைப்பட்டது.

லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களும் கறுப்பினப் பெண்களும் அதே பழுப்பை வேறொரு தொனியில் பேசவைத்தார்கள். தங்கள் தோலுக்கு ஏற்ற உதட்டு நிறம் கடையில் கிடைக்காதபோது, புருவப் பென்சிலை எடுத்து உதட்டின் ஓரத்தை அழுத்தமாக வரைந்தார்கள். உள்ளே வெளிறிய நிறம், ஓரத்தில் அடர்ந்த பழுப்புக் கோடு. பள்ளிக்கூடமும் தொலைக்காட்சியும் அதைப் போக்கிரித்தனத்தின் அடையாளமாகப் பார்த்தன. இன்று பெரிய பிராண்டுகள் அதே கோட்டைக் காசாக்குகின்றன.

இன்னும் பின்னால் போனால் நிறங்களிலேயே மூத்தது இதுதான். தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் காவிக்கல்லை அரைத்துக் குழைத்துச் சிப்பிகளில் வைத்திருந்த தடயம் கிடைத்தது. வயது ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகள். காவி என்பது இரும்பு ஆக்ஸைடு. இன்றைய பேலட்டின் பழுப்புகளுக்கு அடித்தளமும் அதே இரும்பு ஆக்ஸைடுதான். நிறத்துக்கென்று குணம் கிடையாது. யார், எங்கே, எந்த முகத்தோடு அதை அணிகிறார்கள் என்பதில்தான் குணம் வருகிறது. ஆகவே "பழுப்பு சலிப்பான நிறம், அதனால் துடுக்கான பிராண்டுக்கு ஆகாது" என்ற வாதம் முதல் சுற்றிலேயே அடிபட்டுப் போகிறது. இன்னும் கனமான எதிர்வாதங்கள் இருக்கின்றன.

வெளியிடலாம் என்பவர்கள் சொல்வது

அவர்களின் முதல் சாட்சி, பயன்படுத்திய பெட்டி. ஒப்பனைக் கலைஞர் யாருடைய பெட்டியையாவது திறந்து பாருங்கள். 18 நிறங்கள் உள்ள வானவில் பேலட்டில் ஒரு குழியில் மட்டும் தகரம் தெரியும். அது நடுத்தரப் பழுப்பாக இருக்கும். பக்கத்தில் உள்ள நியான் பச்சை, வாங்கிய அன்று இருந்ததுபோலவே முத்திரை கலையாமல் இருக்கும். அஞ்சறைப் பெட்டியில் கடுகு தீரும் வேகத்தில் ஏலக்காய் தீர்வதில்லை. அதற்காக ஏலக்காய் வேண்டாமென்று ஆகிவிடாது. ஆனால் கடுகு இல்லாமல் அடுப்பே பற்றவைக்க முடியாது. நீலத்தையோ ஊதாவையோ இமையில் போட்டால், அதன் விளிம்பைக் கரைத்துத் தோலோடு சேர்க்க ஒரு பழுப்பு தேவை. துடுக்கான முகத்தைச் செய்கிறவளுக்கே அது அவசியப் பண்டம். அவளை அந்த ஒரு நிறத்துக்காக அடுத்த கடைக்கு அனுப்புவது எந்த வியாபாரத்தில் சேர்த்தி?

இரண்டாவது சாட்சி வேதியியல். மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்ற மூன்று இரும்பு ஆக்ஸைடுகளை வெவ்வேறு அளவில் கலந்தாலே பழுப்பின் குடும்பம் முழுவதும் கிடைத்துவிடும். அவை மலிவு, வெளிச்சத்தில் வெளுக்காதவை, கண்ணருகே பயன்படுத்த அனுமதி உள்ளவை. பளீர் நிறங்களின் கதை வேறு. அமெரிக்காவில் ஒரு நிறமியை உதட்டுக்கு அனுமதித்தாலும் கண்ணுக்குத் தனி அனுமதி வேண்டும். நியான் பிங்க்குகளில் பலவற்றுக்கும் சில சிவப்பு, ஊதாக்களுக்கும் அந்த அனுமதி கிடையாது. அதனால்தான் சில பேலட்டுகள் ஐ ஷேடோ என்று சொல்லாமல் "அழுத்திய நிறமி" என்ற பெயரில் வருகின்றன. கண்ணருகே பயன்படுத்துவதற்கல்ல என்று பின்பக்கத்தில் பொடியெழுத்தில் போட்டிருக்கும். அனுமதி உள்ள நிறமிகளிலும் சில தூளாக உதிரும், சில திட்டுத்திட்டாகப் பிடிக்கும், சில இமையில் கறை விட்டுப் போகும். ஒரு நல்ல ஊதாவைச் செய்ய ஆகும் சோதனைக்கும் செலவுக்கும் பணம் எங்கிருந்தோ வரவேண்டும். பழுப்பு சம்பாதிக்கட்டும், ஊதா செலவழிக்கட்டும் என்பது குடும்பம் நடத்தத் தெரிந்தவர் பேசும் கணக்கு.

மூன்றாவது, வாழ்க்கை. 1996இல் 17 வயதில் கரப்பான் நிறத்தைப் பூசியவளுக்கு 2010இல் 31 வயது. வங்கியில் வேலை பார்க்கலாம், நீதிமன்றத்தில் வாதாடலாம், பள்ளியில் பாடம் நடத்தலாம். அவள் மாறிவிட்டாள் என்பதில்லை, திங்கட்கிழமை காலை 9 மணி மாறவில்லை. அந்த மணிக்கு ஏற்ற பெட்டியைத் தன் பழைய தோழியிடமே வாங்க அவள் விரும்புகிறாள்.

கூடாது என்பவர்கள் சொல்வது

எதிர்ப்பக்கத்தை வெறும் ரசிகப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் நடந்த ஒரு கொடுமையை நினைத்துப் பார்த்தால் அது புரியும். 2007 ஆகஸ்டில் லாங்கஷயரின் பேகப் என்ற ஊரில், 20 வயது சோஃபி லாங்காஸ்டரையும் அவள் காதலனையும் ஒரு பூங்காவில் இளைஞர் கும்பல் ஒன்று தாக்கியது. இருவரும் காத் பாணியில் உடுத்தி ஒப்பனை செய்துகொள்பவர்கள். தாக்கியவர்களுக்கு அதைத் தவிர வேறு காரணம் தேவைப்படவில்லை. சோஃபி இறந்துபோனாள். அடுத்த ஆண்டு, 2008இல், லண்டனில் தொடங்கிய இல்லமாஸ்குவா என்ற ஒப்பனை பிராண்ட், அவள் பெயரில் அமைந்த அறக்கட்டளையோடு கைகோத்துக்கொண்டது. மனிதருக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு முகத்துக்கான ஒப்பனை என்பதுதான் அந்த பிராண்டின் வாசகம்.

கறுப்பு உதட்டோடு தெருவில் நடப்பதற்குச் சிலர் விலை கொடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பிராண்ட் என்பது வெறும் கடை அல்ல. "நீ ஒன்றும் கோமாளி இல்லை" என்று சொல்லும் துணை. அந்தத் துணை ஒருநாள் ஊரோடு ஒத்துப்போகும் நிறங்களை முகப்பில் வைத்து, அவர்களுக்கான நிறங்களைப் பின்னறைக்குத் தள்ளினால் வலிக்கத்தான் செய்யும்.

அடுத்த வாதம் வியாபாரத்துக்குள்ளேயே இருந்து வருவது. பழுப்பு செய்வது எளிது என்றால், எல்லாருக்கும் எளிது. நேக்கட் வந்த சில ஆண்டுகளில் சந்தை அதன் நிழல்களால் நிறைந்தது. லோராக், தி பாம், மேபெலின் என்று ஆளுக்கொரு நியூட் பெட்டி வைத்தார்கள். இங்கிலாந்தில் எம்யூஏ என்ற மலிவு விலை பிராண்ட் ஏறத்தாழ அதே வரிசையில் 12 நிறங்களை அடுக்கி, "அன்ட்ரெஸ்ட்" என்று பெயரையும் கண்ணடித்தபடி வைத்து, சில பவுண்டுகளுக்கு விற்றது. அமில மழையை யாரும் நகலெடுக்க அவசரப்பட மாட்டார்கள். மணல் நிறத்தை மறுநாளே எடுப்பார்கள். தனித்தன்மையை விற்றுப் பிழைக்கும் ஒரு பிராண்ட், எல்லாரும் விற்கும் பண்டத்துக்குள் இறங்கும்போது தன் ஒரே ஆயுதத்தை வாசலில் வைத்துவிட்டுத்தான் இறங்குகிறது.

மூன்றாவது, வாங்குபவரின் அலமாரி. பழுப்பு பேலட் ஒன்று வைத்திருக்கும் ஒருத்திக்கு இரண்டாவது எதற்கு? கடைத்தட்டில் ஓர் இடத்தை இதற்குக் கொடுத்தால், அங்கே வந்திருக்கக்கூடிய புது நிறம் ஒன்று பிறக்காமலே போகிறது. பழுப்பு இல்லாமல் யாரும் கஷ்டப்படவில்லை. நல்ல மயில்பச்சை கிடைக்காமல் கஷ்டப்படுகிறவர்கள் உண்டு.

நேக்கட்டின் பிறப்பும் பிரேத ஊர்வலமும்

இந்த இரண்டு வாதங்களும் ஒரே பெட்டிக்குள் எப்படி அடுத்தடுத்து உண்மையாயின என்பதுதான் நேக்கட்டின் கதை.

முதல் நேக்கட்டை உற்றுப் பார்த்தால், அது சொல்லிக்கொண்ட அளவு அடக்கமானதாக இல்லை. பளபளப்பில்லாத நிறங்கள் அதில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை உலோகம் போலவோ மினுமினுப்பாகவோ இருந்தன. கடைசியில் க்ரீப் என்ற கறுப்பும், துப்பாக்கியின் உலோகத்தைப் பெயராகக் கொண்ட கன்மெட்டல் என்ற சாம்பலும். முதல் இரண்டு குழிகளின் பெயர்கள் கன்னியும் பாவமும். காலையில் வேலைக்குப் போனவள், அதே பெட்டியை வைத்துக்கொண்டு இரவில் கச்சேரிக்குப் போகலாம். ஹாஃப் பேக்ட், ஸ்மாக் போன்றவை முன்பே தனித்தனியாக விற்றுப் பெயர் வாங்கிய நிறங்கள். அதாவது அந்த பிராண்ட் வெளியிலிருந்து எதையும் கடன் வாங்கவில்லை. தன் வீட்டில் இருந்த பழுப்புகள் பலவற்றை ஒரே தட்டில் வைத்தது. அதே 2010இல் டிம் பர்டனின் ஆலிஸ் படத்துக்காக அது வெளியிட்ட வண்ணமயமான பேலட்டும் விறுவிறுவென்று விற்றுத் தீர்ந்தது. பழுப்பும் வண்ணமும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருந்த ஆண்டு அது.

காலமும் கைகொடுத்தது. யூடியூபில் வீட்டுப் பெண்கள் ஒப்பனை கற்றுக்கொடுக்கத் தொடங்கிய நேரம். எந்த நிறத்தை இமை மடிப்பில் போடுவது, எதை ஓரத்தில் கரைப்பது என்று படிப்படியாகச் சொல்வதற்கு, பார்ப்பவர்கள் கையிலும் அதே பெட்டி இருந்தால் வசதி. பயந்து பயந்து தொடங்கும் கைக்குப் பழுப்பு மன்னிக்கும் நிறம், பிசகினாலும் தெரியாது. நேக்கட் ஒரு தலைமுறையின் அரிச்சுவடி ஆனது.

பிறகு வெற்றி தன் வேலையைக் காட்டியது. 2011 இறுதியில் நேக்கட் 2. 2013 இறுதியில் ரோஜா சாயலோடு நேக்கட் 3. இடையில் ஆறே நிறங்கள் கொண்ட நேக்கட் பேசிக்ஸ். பெரும்பாலும் பளபளப்பே இல்லாத, முழுக்க அலுவலகத்துக்கான பெட்டி. 2015இல் ஸ்மோக்கி, 2017இல் ஹீட். ஃபவுண்டேஷனுக்கும் நேக்கட் என்று பெயர் வந்தது. பிராண்டின் பெயரை மறந்தவர்கள்கூட நேக்கட்டை மறக்கவில்லை. நிறுவனம் சொன்ன கணக்குப்படி முதல் நேக்கட் 100 கோடி டாலருக்கு மேல் விற்றது.

2018இல் அந்த முதல் நேக்கட்டை நிறுத்துவதாக அறிவித்து, அதற்கு ஓர் இறுதிச் சடங்கையே விளம்பரமாக நடத்தினார்கள். கறுப்பு உடுத்தி அழுதார்கள். கல்லறை ஈரம் காயுமுன் அதே ஆண்டு நேக்கட் செர்ரி வந்தது. 2019இல் நேக்கட் ரீலோடட், நேக்கட் ஹனி. அதே 2019இல், அழகு என்பது ஒரே அச்சில் வார்ப்பதல்ல என்று சொல்ல, பாடகி லிஸ்ஸோ, கொரியப் பாடகி சிஎல் போன்றவர்களை வைத்து ஒரு பெரிய பிரசாரமும் செய்தது அந்த நிறுவனம். நான் இன்னும் பழைய துடுக்குக்காரிதான் என்று விளம்பரப் பலகை வைத்துச் சொல்ல வேண்டி வந்ததே, அங்கேதான் செய்தி இருக்கிறது. உண்மையான துடுக்குக்காரியை யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை.

இப்படிப் பார்த்தால் 2010இல் நேக்கட்டை வெளியிட்டது பிழையாகத் தெரியவில்லை. 2011க்குப் பிறகு நிறுத்தத் தெரியாமல் போனதுதான் பிழை.

கோபம் வந்த இடம் வேறு

ரசிகர்கள் இந்த பிராண்டின் மேல் உண்மையாகவே கொதித்தது எப்போது? பழுப்பு நிறம் வந்தபோது அல்ல. 2012 ஜூனில், சீனச் சந்தைக்குப் போவதாக நிறுவனம் அறிவித்தபோது. வெளிநாட்டு ஒப்பனைப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிக்க வேண்டும் என்பது அப்போது சீனாவின் சட்டம். விலங்குச் சோதனை செய்வதில்லை என்று பல ஆண்டுகள் மார்தட்டிய பிராண்ட் அது. எதிர்ப்பு கிளம்பியது. ஜூலையிலேயே நிறுவனம் முடிவைத் திரும்பப் பெற்றது. ஆண்டு இறுதியில் லோரியல் அதை வாங்கப்போவதாகச் செய்தி வந்தபோதும் இதே கேள்விதான் முதலில் எழுந்தது.

ஹார்ட் கேண்டியின் கதையும் இதையே சொல்கிறது. அர்பன் டீகேயைப் போலவே அதுவும் எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கைக்குப் போய், 2002இல் ஃபாலிக் குடும்பத்தின் கைக்கு மாறியது. 2009இல் வால்மார்ட்டின் அலமாரியில் மலிவு விலைப் பொருளாக வந்து நின்றது. அதன் கூர் மழுங்கியதற்கு எந்தப் பழுப்பு பேலட்டும் காரணமில்லை. கை மாறியது, கடை மாறியது, குரல் தேய்ந்தது.

மாறாக, நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் பிளேஸில் 1977இல் டிஷ், ஸ்னூக்கி என்ற பெல்லொமோ சகோதரிகள் தொடங்கிய மேனிக் பேனிக்கைப் பாருங்கள். இருவரும் பங்க் இசை மேடைகளில் பாடியவர்கள். தலைமுடிக்குப் பச்சை, நீலம், ஊதா என்று விற்றார்கள், இன்றும் அதே. பேரரசு கட்டவில்லை. ஆனால் அவர்களிடம் யாரும் "நீங்கள் மாறிவிட்டீர்கள்" என்று சொன்னதில்லை. சிறியதாக இருக்கச் சம்மதித்தவர்களுக்குக் கிடைக்கும் சுதந்திரம் அது. பழுப்பு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது: எவ்வளவு பெரிதாக வளர ஆசை?

யாருடைய தோல்?

இந்த விவாதத்தில் எளிதில் நழுவிப்போகும் கேள்வி ஒன்று உண்டு. நியூட்ரல் என்பது எதற்கு நடுநிலை? நியூட் என்பது யாருடைய தோல்?

அமெரிக்கக் குழந்தைகளின் கிரேயோலா வண்ணக்குச்சிகளில் சதை நிறம் என்றே ஒன்று இருந்தது, வெள்ளையரின் சதை. 1962இல்தான் அதற்குப் பீச் என்று பெயர் மாற்றினார்கள். ஒப்பனைத் தொழில் அந்தப் பாடத்தைக் கற்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 2017 செப்டம்பரில் ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி ஒரே நாளில் 40 நிற ஃபவுண்டேஷன்களோடு வந்தபோது அது பெரும் செய்தியானதே, அதுவரை நிலைமை என்னவென்று அதிலிருந்தே தெரியும்.

நமக்கு இது பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் அல்ல. மாநிறம் என்று நாம் சொல்கிறோம். சங்கப் புலவர்கள் மாந்தளிரின் நிறத்தைப் பார்த்து மாமை என்றார்கள். அந்த மாமை போய்ப் பசலை படர்ந்தால் பெண் வருந்தினாள். அந்த நிறத்து இமையில் இந்தப் பெட்டிகளின் முதல் நான்கு குழிகளைப் பூசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். நடுவில் உள்ள பழுப்புகள் இருக்கிற இடமே தெரியாமல் மறைந்துவிடும். உருப்படியாகத் தெரிவது செம்பும் வெண்கலமும் கரியும்தான். 12 நிறத்துக்குக் காசு கொடுத்து ஐந்து நிறத்தை எடுத்துக்கொண்டு வருவது யாருக்கு நடுநிலை?

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. 2015இல் தீபிகா முத்யாலா என்ற இந்திய அமெரிக்கப் பெண் வெளியிட்ட ஒரு காணொளி உலகம் சுற்றியது. கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தின் மேல் சிவப்பு லிப்ஸ்டிக்கைப் பூசி, அதன் மேல் கன்சீலர் போட்டார். கருவளையம் மறைந்தது. மாநிறத் தோலின் நீலச் சாயலைச் செம்மஞ்சளும் சிவப்பும்தான் அமர்த்தும். அதாவது வெள்ளைத்தோலில் அலறும் நிறம், நம் தோலில் நடுநிலை செய்யும் நிறம். அதே போல அடர்ந்த தோலில் துருவும் செங்கல்லும் அன்றாட நிறங்கள். தந்தநிற மினுமினுப்புதான் அங்கே அலறல்.

துடுக்கான பிராண்டுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு ஏது? எல்லாரும் வெளியிடும் மணல் நிறப் பெட்டியை இன்னொரு முறை வெளியிடாமல், இதுவரை நடுநிலை என்று சொன்னவர்கள் யாரை விட்டுவிட்டுச் சொன்னார்கள் என்று கேட்கும் பெட்டியை வெளியிடலாம். பழுப்பிலேயே கலகம் செய்ய இடம் இருக்கிறது.

சொந்தத் தொனியில் அடக்கம்

தன் தொனி கெடாமல் அடங்கிய நிறங்களைச் செய்தவர்கள் உண்டு. டோ டீர் என்பவர் 2008இல் தொடங்கிய லைம் கிரைம், ஒற்றைக்கொம்புக் குதிரைகளுக்கான ஒப்பனை என்று தன்னைச் சொல்லிக்கொண்ட பிராண்ட். அதன் வீனஸ் பேலட்டில் இருந்தவை பெரும்பாலும் பழுப்பும் துருச் சிவப்பும் மங்கிய மண்ணும். ஆனால் அதை நியூட் என்று அழைக்காமல் கிரஞ்ச் பேலட் என்று அழைத்தார்கள். அழுது சிவந்த கண், தூங்காத இரவு, 90களின் ராக் மேடை என்று ஒரு முழுச் சூழலை அந்தப் பெயர் கொண்டு வந்தது. வேலைக்கும் போடலாம், ஆனால் வேலைக்காகச் செய்ததுபோல் இல்லை. சில ஆண்டுகளில் செந்நிறப் பழுப்புகள் சந்தை முழுவதையும் பிடித்துக்கொண்டன.

உடல் முழுக்கப் பச்சை குத்திய கேட் வான் டியின் பெயரில் 2008இல் வந்த பிராண்டிலும் இதே வேடிக்கை. கறுப்பும் இரத்தச் சிவப்பும் நிறைந்த அந்த லிப்ஸ்டிக் வரிசையில் மிகவும் பேசப்பட்டவற்றுள் ஒன்று லோலிடா. மங்கிய ரோஜாப் பழுப்பு. தாதி, ஆசிரியை, மணப்பெண் என்று எல்லாரும் போட்டுக்கொண்ட நிறம். அதனால் பிராண்டின் முகம் மாறவில்லை. ஏனென்றால் அந்த நிறத்துக்கு இருபுறமும் கறுப்பும் இரத்தமும் நின்றுகொண்டிருந்தன.

இந்தக் கதைகளை அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தெரியும் விடை இது. வெளியிடலாம். ஆனால் நான்கு சோதனைகளைத் தாண்டட்டும். பெட்டியிலிருந்து பிராண்டின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பார்த்தாலும், இது இன்னார் செய்தது என்று தெரிய வேண்டும். முதல் நேக்கட் இதில் தேறும், பேசிக்ஸ் தேறாது. ஒருமுறை செய்ய வேண்டும்; அதன் தங்கைக்கும் தங்கையின் தங்கைக்கும் பெயர் சூட்டு விழா நடத்தக் கூடாது. அதில் வந்த பணம் அடுத்த ஆண்டு எந்த ஊதாவாக, எந்த மயில்பச்சையாகத் திரும்பி வந்தது என்று காட்ட முடிய வேண்டும். எந்தத் தோலுக்கு நடுநிலை என்பதற்கு நேர்மையான பதில் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இந்த நான்கில் மூன்றாவதுதான் கடினம். பழுப்பு சம்பாதிக்கட்டும், ஊதா செலவழிக்கட்டும் என்று தொடங்கும் குடும்பத்தில், சம்பாதிப்பவர் மெல்ல மெல்ல வீட்டுத் தலைவர் ஆகிவிடுவார். "ஊதாவுக்கு இவ்வளவு செலவா?" என்ற கேள்வி ஒருநாள் கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்து எழும். அந்த நாளில் என்ன பதில் சொல்கிறது என்பதில்தான் ஒரு பிராண்டின் துடுக்கு தெரியும். பேலட் வெளியாகும் நாளில் அல்ல.

2010ஆம் ஆண்டுப் பெட்டி இன்னும் சிலரிடம் இருக்கிறது. மெத்தென்ற பழுப்பு உறையில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். திறந்தால் வெளிர் குழிகள் சிலவற்றில் தகரம் தெரியும். மாநிறத்தவள் பெட்டியானால் செம்புக் குழியிலும் வெண்கலக் குழியிலும் தெரியும். எந்தக் குழி முதலில் காலியானது என்று பார்த்தாலே போதும், அந்தப் பெட்டி யாருக்கு எவ்வளவு நடுநிலையாக இருந்தது என்பது தெரிந்துவிடும்.